நிலைவாசலுக்கு மேலே

கண்ணா,

இதை நீ படிக்கும்போது என்னைவிட உயரமாக இருப்பாய். அதற்கு முன்னால் உன் கையில் கொடுப்பதாக இல்லை. உயரத்துக்கும் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போது உனக்கு ஆறு வயது. பாதி கட்டிய மூட்டைகளுக்கு நடுவே, தலையணையைக் காலால் தள்ளிவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்குகிறாய். காலையில் லாரி வரும். சிங்கப்பூர்த் தேக்கா பக்கத்து இந்தத் தெருவையும் இந்த மாடி அறையையும் விட்டுவிட்டு, புக்கிட் மேரா பக்கம் புதிதாகக் கட்டியிருக்கிற அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறோம். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் உன் அப்பாவுக்கு வேலைக்கு நடந்தே போய்விடலாம் என்று ஒரே சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உட்கார முடியவில்லை. சட்டி பானையை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டினேன். அப்போதுதான் உன் அப்பா அந்த எட்டு மூலைப் பலகைக் கண்ணாடியைப் பார்த்தார்.

"இதையும் தூக்கிட்டு வரணுமா?"

"வரணும்."

"புது வீட்டுல எதிர்க்கதவு பத்தடியில இருக்கு. இதை மாட்டினா அந்த வீட்டுக்காரன் மொத நாளே சண்டைக்கு வந்துடுவான், பார்த்துக்க."

"அவங்களுக்கு எதிர்ல மாட்ட மாட்டேன்."

"அப்புறம் எங்க மாட்டப் போறே?"

நான் சட்டி பானை மூட்டையை நாலாவது தடவையாக அவிழ்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே படுத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு உனக்காவது ஒழுங்காகப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒரு மத்தியானம் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் உன் கண் மேலே செருகியிருக்கிறது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன, உதடு நீலமாக மாறுகிறது. எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் காதர் நானாதான் சத்தம் கேட்டு ஓடிவந்து, உன்னை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். நான் செருப்பில்லாமல் பின்னாலே ஓடினேன். நாங்கள் போய்ச் சேருவதற்குள் நீ சரியாகி, நானாவின் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். டாக்டர் நிதானமான மனிதர். "காய்ச்சல் திடீர்னு ஏறுறப்போ சில குழந்தைங்களுக்கு இப்படி வரும்மா. அஞ்சு ஆறு வயசுல தானா நின்னுடும். அதுவரைக்கும் சூட்டைக் கவனிச்சுக்குங்க" என்றார். அவருக்கு அது ஆறுதல் வார்த்தை. எனக்கோ 'அதுவரைக்கும்' என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. அதுவரைக்கும் என்றால் எத்தனை காய்ச்சல், எத்தனை மத்தியானம், எந்த மத்தியானத்தில் நீ திரும்பி வராமல் போவாய்? திருச்சியில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ஒரு வேர் ஏன் கீழே போகிறது, தண்டு ஏன் மேலே வருகிறது என்று காரணம் எழுதி மதிப்பெண் வாங்கியவள். உனக்கு ஏன் வந்தது என்று கேட்டால் மட்டும் எல்லாரும் 'சில குழந்தைகளுக்கு' என்றார்கள். எந்தச் சில? ஏன் என் குழந்தை?

இரு, வருகிறேன்.

ஒன்றுமில்லை, உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சூடு இல்லை. இந்தப் பழக்கம் அன்று ஆரம்பித்ததுதான். தொடத் தொட, சூடாக இருப்பது உன் நெற்றியா என் கையா என்றே தெரியாமல் போய்விடும். அப்புறம் உன் அப்பாவின் நெற்றியைத் தொடுவேன், அவர் "எனக்கு ஒண்ணும் இல்ல, ஆபீசுக்குப் போகலாமா?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்கு மேலே அது வந்தது. சிவப்பும் பச்சையும் அடித்த எட்டு மூலைப் பலகை. ஓரமெல்லாம் முழுக்கோடும் உடைந்த கோடுமாக ஏதோ வரைந்திருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. சாயங்கால வெயில் அதில் பட்டு, நம் அறைக்குள் ஒரு வெளிச்சப் பொட்டாக விழும். சுவரில் மெதுவாக நகர்ந்து, அலமாரியைத் தாண்டி, உன் தொட்டில் சீலைமேல் வந்து நிற்கும். அதைப் பிடிக்க நீ கை நீட்டுவாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வேன். நானாவிடம் போய்க் கேட்டேன்.

"அது சீனவங்க வழக்கம் தங்கச்சி. எதிர்ல இருந்து ஏதாச்சும் கெட்டது வந்தா திருப்பி அனுப்பிடுமாம்."

"எங்க அனுப்பும்?"

"வந்த எடத்துக்கே."

"எதிர்ல நாமதானே நானா இருக்கோம்?"

அவர் அரிசியை அளந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "நான் கீழ இருக்கேன். கண்ணாடி மாடிக்கு நேராத்தான் இருக்கு."

அவர் கல்லாவுக்கு மேலே, பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக, எழுநூற்று எண்பத்தாறு என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை இருந்தது. அவருக்கு என்ன, கவலையில்லை. நான் அன்றைக்கே சந்தையிலிருந்து ஒரு வெள்ளைப் பூசணிக்காய் வாங்கி வந்து, அதில் உருட்டு விழியும் சிவப்பு வாயும் தொங்கு மீசையுமாக ஓர் அரக்கன் முகம் வரைந்து, மாடி ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டேன். நேர்த்தியாகத்தான் வரைந்தேன், கல்லூரியில் செடிகளின் குறுக்குவெட்டுப் படங்களுக்குப் பரிசு வாங்கிய கை அது. உன் அப்பா பார்த்துவிட்டு, "மீசை எங்க மேலதிகாரி மாதிரியே இருக்கு. அவருக்கும் கண்ணு படாது" என்றார்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற ஆரம்பித்தது அப்புறம்தான். மற்ற பெண்கள் ஜவுளிக்கடை பார்க்கப் போவார்கள். நான் ஒவ்வொரு வீட்டு நிலைக்கு மேலேயும் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன். என்னைப் போலப் பயந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. வீட்டு முகப்புகளை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் நடந்தால் கூரை மறைக்கும். அதனால் வெயிலில், தெருவோரமாக, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பேன். ரிக்‌ஷாக்காரர்கள் திட்டாத நாள் இல்லை. சீனர் வீடுகளில் வாயில் வாளைக் கவ்விய சிங்க முகம் பார்த்தேன். ஒரு பண்டிகைச் சமயத்தில் வாசலுக்கு வாசல் ஏதோ ஒரு தழைக்கொத்து தொங்கியது. கிள்ளி முகர்ந்தால் நம் ஊர் மாசிபத்திரி. காற்று வருவதற்குச் சுவரில் விட்டிருக்கும் துளைகளைக்கூட வௌவால் வடிவத்தில் வெட்டியிருந்தார்கள். நமக்கு வௌவால் வீட்டுக்குள் வந்தால் ஆகாது. அவர்களுக்கு அதுதான் அதிர்ஷ்டமாம். டன்லப் தெருப் பள்ளிவாசல் முகப்பில் சூரியன் போல ஒரு வட்டம், அதன் ஒவ்வொரு கதிரிலும் அரபு எழுத்து. நம்மவர்கள் வீடுகளில் மாவிலை, கறுப்புக் கயிற்றில் படிகாரம். கிடங்கு வாசல்களில் இதெல்லாம் ஒன்றும் கிடையாது. கயிற்றுக்கட்டில் போட்டு ஒரு சீக்கியக் காவல்காரர் படுத்திருப்பார், அவரேதான் அங்கே மாவிலையும் படிகாரமும். அவர்மேல் இந்த ஊருக்கு எவ்வளவு நம்பிக்கை என்றால், சீனர்களின் கல்லறைக் குன்று ஒன்றில் செத்தவருக்குக் காவலாகத் தலைப்பாகையும் துப்பாக்கியுமாகக் கல்லில் அவரையே செதுக்கி நிறுத்தியிருந்தார்கள். நீ அந்தக் கல் ஆளுக்கு சலாம் வைத்தாய். அவர் திருப்பி வைக்கவில்லை என்று அழுதாய்.

செலிகி சாலைக்குப் பின்னால் ஒரு யூதர் வீடு. நிலைக்காலில் விரல் நீளத்துக்கு ஒரு தகரக் குழல் சாய்வாக ஆணியடித்திருந்தது. வெளியே வந்த அம்மாள் அதைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். நான் நின்று பார்ப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே வேதத்தில் நாலு வரி எழுதிச் சுருட்டி வைத்திருக்கிறது என்று மலாயில் சொன்னாள். ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டேன். முன்னொரு காலத்தில் ஒரு பெரியவர் நேராக வைக்க வேண்டும் என்றாராம், இன்னொருவர் படுக்க வைக்க வேண்டும் என்றாராம். "ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல. அதான் சாய்வா வெச்சோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாள் கழித்து வந்த சிரிப்பு.

நீ ஊர் சுற்றுகிறவனாகத்தான் வளர்வாய். உன் கால் என் கால். எந்த ஊருக்குப் போனாலும் பெரிய கோபுரத்தையும் அரண்மனையையும் எல்லாரும் காட்டுவார்கள், பார்த்துக்கொள். ஆனால் ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது நிலைக்கு மேலே ஒரு தடவை நிமிர்ந்து பார். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதை அங்கேதான் எழுதி வைத்திருப்பார்கள். அது தெரிந்து உள்ளே போனால் பேசுகிற பேச்சு வேறாக இருக்கும். இவ்வளவு தெரிந்த உன் அம்மா என்ன செய்தாள் என்பதையும் கேள்.

நம் அறைத் தரையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சதுர ஓட்டை இருக்கிறதே, மரமூடி போட்டு. நாளை முதல் அது உனக்கு இருக்காது. கீழே வாசலில் யார் நிற்கிறார்கள் என்று மாடியிலிருந்தே பார்ப்பதற்காகப் பழைய வீடுகளில் அப்படி வெட்டியிருப்பார்கள். கண்ணாடி வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் கதவு தட்டுகிற சத்தம். மூடியை நகர்த்திப் பார்த்தேன். நேர் வகிடு எடுத்து எண்ணெய் வைத்த தலை. அதற்குக் கீழே ஒரு தட்டு. தட்டில் சிவப்புச் சாயம் பூசிய முட்டைகள். எதிர்வீட்டுப் பெண். எல்லாரும் அவளை 'ஆ சோ' என்று கூப்பிடுவார்கள். நம் 'அண்ணி' மாதிரி ஒரு சொல். பிள்ளை பிறந்து மாதம் நிறைந்தால் சிவப்பு முட்டை கொடுப்பது அவர்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கை வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டு தடவை தட்டிவிட்டு, நானாவிடம் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். நானா சாப்பிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சாயங்காலம் வரை அடிக்கடி இறங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த காய்ச்சலில் உனக்கு மறுபடியும் இழுத்தது. இந்தத் தடவை நான் ஓடவில்லை. டாக்டர் சொன்னபடி உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத்துணி போட்டு, பக்கத்தில் முழங்காலிட்டிருந்தேன். இழுப்பு நின்று நீ கண் திறந்தபோது, அந்த வெளிச்சப் பொட்டு சரியாக உன் நெற்றியில் இருந்தது. நடு நெற்றியில், பொட்டு வைத்த மாதிரி. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் உனக்குச் சூடு இறங்கியதும், உன்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். சின்னத் தெருதான், ஆனால் இங்கே குடிவந்ததிலிருந்து எதிர்வாசலுக்குப் போக நான் அதைத் தாண்டியதே இல்லை.

ஆ சோ கதவைத் திறந்தாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது மலாய் ஒன்றுதான். அவளுக்குப் பாதி தெரியும், எனக்குப் பாதி தெரியும். கஷ்டம் என்னவென்றால் இரண்டும் ஒரே பாதி. அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க கண்ணாடியை எடுங்க," என்றேன், மேலே கையைக் காட்டி. "என் பிள்ளைக்கு வலிப்பு வருது."

அவள் உன்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் பல ராத்திரி தூங்காத முகமாக இருந்தது.

"என் பிள்ளை ராத்திரி பூரா அழுவுது," என்றாள். "நீ உன் புலியை எடு."

"என்ன புலி?"

"என்ன புலியா?"

"எங்ககிட்ட ஏது புலி?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். இழுத்துக்கொண்டு என்றே சொல்ல வேண்டும். மேலே அவள் அறையும் நம் அறை மாதிரியேதான். சாரோங் துணியில் கட்டிய தொட்டில், அதில் ஒரு நோஞ்சான் குழந்தை, மருந்து வாசனை, நாற்காலி முதுகில் காயும் துணிகள். என் அறைக்குள்ளேயே இன்னொரு கதவு வழியாக நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் என்னை ஜன்னலுக்குத் தள்ளி, "பாரு" என்றாள்.

பார்த்தேன் கண்ணா. நம் வீட்டின் முகத்தை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன். மாடி ஜன்னலுக்கு மேலே வெயில்தடுப்புச் சாய்ப்பு. அதற்கு மேலே, கூரைச்சுவரின் நடுவே, சுண்ணாம்பில் செய்த ஒரு புலித்தலை. அகல விரிந்த வாய். மஞ்சள் வண்ணம் உதிர்ந்து திட்டுத்திட்டாக இருந்தாலும் பல் மட்டும் வெள்ளையாக இருந்தது. இரண்டு கண்ணும் நேராக அந்தத் தொட்டிலைப் பார்த்தன. கீழே தெருவிலிருந்து பார்த்தால் அது தெரியாது. சாய்ப்பு மறைக்கும், மிச்சத்தைச் சுவர் விரிசலில் முளைத்திருந்த அரசங்கன்று மறைக்கும். அந்தக் கன்றை நான் எத்தனையோ தடவை கீழிருந்து பார்த்திருக்கிறேன். இலை நுனி வாலைப் பார்த்து 'அரசு' என்று இனம் சொல்லி எனக்குள்ளே மெச்சிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சிங்கப்பூர் முழுக்க ஒவ்வொரு வாசலாக அண்ணாந்து பார்த்தவள், என் தலைக்கு மேலே என்ன வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

"பிள்ளை பிறந்து இந்த அறைக்குக் கொண்டுவந்த அன்னைக்கு என் மாமியார்தான் பார்த்தாங்க," என்றாள் ஆ சோ. "பச்சைப் பிள்ளையைப் புலி பார்க்கக்கூடாது. அதான் கண்ணாடி. அப்புறம் நீ வேற அதுக்கு ஒரு தலையைக் கட்டித் தொங்கவிட்டே."

"தலையா?"

"வாயெல்லாம் ரத்தமா, மீசை வெச்சு. புலிக்குச் சாப்பாடு போடுறியோன்னு நினைச்சேன்."

என் பூசணிக்காய். அதுவும் அங்கிருந்து பார்க்க நன்றாகத்தான் தெரிந்தது.

"முட்டை கொண்டுவந்தேன், பேசலாம்னு," என்றாள். "நீ மேலே இருந்து பார்த்தே. கதவைத் திறக்கல."

"நான் வீட்டுல..."

"மூடியை நகர்த்தினே. தூசி என் தலையில விழுந்துச்சு."

 அவள் நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துவிட்டு இடம் கொடுத்தாள். நீ இறங்கிப் போய் அந்தத் தொட்டிலை ஆட்டினாய். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "மெதுவா" என்றோம், அவரவர் பாஷையில்.

"அது உங்க சாமியோட புலிதானே?" என்று கேட்டாள். "உங்க கோயில்ல பார்த்திருக்கேன், சாமி அது மேல உக்காந்திருக்கும். நீ சொன்னா கேக்கும். என் பிள்ளையைப் பார்க்காதேன்னு சொல்லு. நான் கண்ணாடியை எடுத்துடுறேன்."

தாவரவியல் படித்தவள் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். "சரி, சொல்றேன்" என்றுதான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் நம் ஜன்னலில் இடுப்புவரை வெளியே சாய்ந்து, துணி காயப்போடும் மூங்கில் கழியை நீட்டி, அதன் நுனியில் உன் பழைய மஞ்சள் சட்டையை மாட்டி, எட்டாத உயரத்தில் இருந்த புலியின் தலைமேல் போட முயன்றேன். உன் அப்பா என் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் விழுந்துவிடாமல் இருக்க. எதிர் ஜன்னலிலிருந்து ஆ சோ "இடது, இடது, இன்னும் மேலே" என்று கையைக் காட்டினாள். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் சட்டையின் கழுத்து புலியின் பல்லில் மாட்டி, கண் இரண்டையும் மூடிக்கொண்டு தொங்கியது. ஆ சோ நாற்காலி போட்டு ஏறிக் கண்ணாடியைக் கழற்றினாள். நான் பூசணிக்காயை அவிழ்த்தேன். கீழே வந்தால் நானா கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, புலிக்குச் சட்டை போட்டாச்சா?"

"உங்களுக்குப் புலி இருக்கிறது தெரியுமா நானா?"

"தெரியாம? இந்த வீட்டைக் கட்டினவரு சுருட்டு வியாபாரி. புலி சாப்பு, அதான் புலி மார்க் சுருட்டு. அது அவரோட கடை அடையாளம்."

"இதை ஏன் சொல்லல?"

"நீ கண்ணாடியைப் பத்தித்தானே கேட்டே?"

சாமியும் இல்லை, பேயும் இல்லை. சுருட்டுப் பெட்டியில் ஒட்டுகிற படம். அதற்கும் அவள் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் தூங்காமல் இருந்திருக்கிறோம். ஆ சோவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மலாய் போதாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சாமி புலியிடம் நான் பேசிவிட்டேன் என்பதில் அவளுக்கு நிம்மதி இருந்தது, அதை எடுக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் மழைக்காலத்தில் உனக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. மறுபடி இழுத்தது. முந்திய இரண்டு தடவையையும்விட அதிக நேரம். எதிரே கண்ணாடி இல்லை, மேலே புலிக்குக் கண் மூடியிருந்தது, வானத்தில் வெயிலே இல்லை. உன்னை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நான் எதிர் ஜன்னலைப் பார்த்தேன். அந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. திட்டுவதற்குக்கூட யாரும் இல்லாத அந்தப் பயம் இருக்கிறதே, அதுதான் பயம். அதுவரைக்கும் இருந்ததெல்லாம் கோபம். ஆ சோ ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள் போல. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வைத்தியம் ஒன்றும் செய்யவில்லை. உன் கால்மாட்டில் உட்கார்ந்து உன் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டாள். நீ சரியாகித் தூங்கிய பிறகு வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"கண்ணாடியும் இல்ல. புலியும் பார்க்கல. அப்போ எங்கேருந்து வருது?"

"தெரியல," என்றேன்.

"எனக்கும் தெரியல," என்றாள். அவள் பிள்ளையும் இன்னும் ராத்திரியெல்லாம் அழுதுகொண்டுதான் இருந்தது. அதற்கப்புறம் உனக்குக் காய்ச்சல் என்றால் அவள் வருவாள், அந்தப் பிள்ளை அழுதால் நான் போவேன். உபயோகம் ஒன்றும் கிடையாது. ஆனால் 'தெரியல' என்பதைத் தனியாகச் சொல்லிக்கொள்வதற்கும் இரண்டு பேராகச் சொல்லிக்கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பிறகு ஒரு வருடம் இந்த ஊரில் இனக்கலகம் வந்து ஊரடங்கு போட்டார்கள். உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம், வெளியே விடவில்லை என்று கத்தினாய். யார் யாருக்கு எதிரி என்று காலையில் ஒரு வதந்தி, சாயங்காலம் ஒரு வதந்தி. தெருவே அடைந்து கிடந்தது. ஒவ்வொரு வீடும் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். எதிர் ஜன்னலில் ஆ சோ இரண்டு விரலைக் காட்டி, வாயில் வைத்துக் காட்டினாள்: இரண்டு நாளைக்கு அரிசி இருக்கிறதா என்று கேட்கிறாள். இருக்கிறது என்று தலையாட்டினேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த நாளுக்கு முன்னால் புலியும் கண்ணாடியும் நடந்து முடிந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். முடியாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு விரலுக்கு நான் என்ன அர்த்தம் எடுத்திருப்பேனோ, எனக்கே தெரியாது. உன் காலத்திலும் அப்படி நாட்கள் வரும். உனக்கு ஏதாவது கெட்டது நடந்தால், எங்கிருந்து வந்தது என்று மனசு தேடும். எதிரே இருக்கிற வீடுதான் முதலில் கண்ணில் படும், ஏனென்றால் அது எதிரே இருக்கிறது. அப்போது தெருவைத் தாண்டிப் போய், அங்கிருந்து உன் வீட்டைத் திரும்பிப் பார். அதற்கப்புறமும் கோபம் இருந்தால் கோபப்படு.

இதோ மறுபடி உன் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தேன். டாக்டர் சொன்னபடிதான் நடந்தது. உனக்கு அது வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. போன மாதம் நல்ல காய்ச்சல் அடித்தும் வரவில்லை. 'நின்றுவிட்டது' என்று உன் அப்பா சொல்கிறார். நான் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். எழுதியதுகூட இப்போதுதான்.

இன்று சாயங்காலம் ஆ சோவிடம் விடைபெறப் போனோமே, உனக்கு அவள் பிஸ்கட் கொடுத்தாள், எனக்கு இந்தக் கண்ணாடியைக் கொடுத்தாள். இத்தனை நாள் துணிப்பெட்டியில் வைத்திருந்திருக்கிறாள். அவள் மகன் இப்போது உன்னை அடிக்கிற அளவுக்குத் திடமாக இருக்கிறான், இனி அவளுக்கு வேண்டாமாம்.

"புது வீடு. எதிர்ல யாருன்னு தெரியாது. மாட்டிக்க," என்றாள்.

"எதிர்ல இருக்கிறவங்களுக்கும் சின்னப் பிள்ளை இருந்தா?"

அவள் யோசித்தாள். "அப்போ மாட்டாதே."

"வீட்டுக்குள்ள மாட்டினா?"

"ஐயோ, உள்ளே மாட்டவே கூடாது. முன்னால யார் நிக்கிறாங்களோ அவங்களுக்கே எல்லாம் திரும்பும்."

நேற்று நானும் உன் அப்பாவும் புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். தாழ்வாரம் நெடுகக் கதவுகள், எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. எந்த நிலைக்கு மேலேயும் இன்னும் ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு வாசனை மட்டும். யாருக்கு எதில் பயம் என்று தெரியவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சமையலறையில் அடுப்பு மேடைக்கு மேலே வெறும் சுவர். நாளைக்கு அங்கே ஓர் ஆணி அடித்து இதை மாட்டப்போகிறேன். நான் நின்று சமைக்கும்போது என் முகம் மட்டும் தெரிகிற உயரத்தில். எது திரும்பி வந்தாலும் அந்த அடுப்படியில் என்னிடம் வரட்டும். இதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதே. இல்லை. ஆனாலும் மாட்டுவேன்.

நீ அந்தச் சமையலறையில் வளர்வாய். முதலில் என் இடுப்புக்கு நிற்பாய், அப்புறம் நெஞ்சுக்கு, அப்புறம் தோளுக்கு. ஒருநாள் பின்னால் வந்து நின்று குழம்பில் எட்டிப் பார்ப்பாய். அப்போது என் தோளுக்கு மேலே உன் முகமும் அந்தக் கண்ணாடியில் தெரியும். திரும்புவது உனக்கும் திரும்பும் என்பதால் அன்றைக்கே இதைக் கழற்ற வேண்டும், ஆனால் என் கை கழற்றாது. எனக்குத் தெரியும். அதனால் அன்று இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படியை விட்டு வெளியே போய் நின்றுகொள்வேன். நீ படித்துவிட்டு, எட்டிக் கழற்று. உனக்கு நாற்காலி தேவைப்படாது.

கழற்றியதும் என்னைக் கூப்பிடு. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த ஒரு தடவை மட்டும் கையைத் தட்டிவிடாதே.

உன் நெற்றிச் சூட்டை இன்னும் தன் கையில் தேடிக்கொண்டிருக்கும்,
அம்மா